நொச்சி நமக்கு, வெறும் வெந்நீர் பூனைக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழிக் காலையில் ஒரு மூக்கு அடைத்தும் மறு மூக்கு ஒழுகியும் எழுந்திருக்கும் அவஸ்தையை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் சிலர் இப்போதே கையில் துண்டோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள். வானொலி நிலையத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு, சளியும் மூலிகைகளும். நானோ கால்நடை மருத்துவன். பூனையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சிரித்தார்கள், ஆனால் சம்மதித்துவிட்டார்கள்.

முதலில் மனிதர். எங்கள் பாட்டி வேது பிடிக்க வைப்பதைப் பார்க்க வேண்டும். வேலியோரத்து நொச்சியில் இரண்டு கைப்பிடி தழை, நாலு துளசி, ஒரு துண்டு மஞ்சள். பானையின் வாயை வாழை இலையால் மூடிக் கொதிக்கவிட்டு, எங்களைக் கம்பளிக்குள் தள்ளிப் பானையையும் உள்ளே தள்ளுவாள். கண் எரியும், மூக்கு ஒழுகும், மூச்சுத் திணறும். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வெளியிலிருந்து குரல் வரும். கம்பளியை விலக்கியதும் ஊரே புதிதாகத் தெரியும்.

அதில் எது வேலை செய்தது? கெட்டிப்பட்ட சளியை இளக்கியது பெரும்பாலும் வெந்நீரின் ஈர ஆவி. இலையின் வாசனை செய்வது வேறு. மென்தால் கலந்த களிம்பை மூக்கருகே தடவியதும் அடைப்பு திறந்துவிட்டதுபோல் இருக்கிறதல்லவா? உள்ளே பாதை ஒரு நூல்கூட அகன்றிருக்காது. குளிர்ச்சியை உணரும் நரம்பை மென்தால் தொட்டு எழுப்புகிறது. குளிர்ந்த காற்று தாராளமாகப் போகிறது என்று மூளை நம்பிவிடுகிறது. அந்த உணர்வு, நரம்பில் அதை வாங்கிக்கொள்ளும் எந்த ஏற்பியின் வழியாக வருகிறது என்று மென்தாலை வைத்தே கண்டுபிடித்த விஞ்ஞானிகளில் இருவர் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன். 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அப்படியானால் அந்தச் சுகம் பொய்யா என்று கேட்காதீர்கள். இரவில் தூங்க முடிகிறதே, அது மெய்தான்.

இப்போது பூனை. இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், குன்னூர்ப் பக்கம் ஒரு சிறிய கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். 1840-களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட தைலமரம் அந்த மலையெங்கும் பரவிக் கிடக்கிறது. அதன் இலையைக் காய்ச்சி வடிக்கும் எண்ணெய்தான் நீங்கள் ஊட்டிக்குப் போனால் வாங்கி வரும் நீலகிரித் தைலம். அங்கே தலைவலிக்கும் அதுதான், முட்டிவலிக்கும் அதுதான். என் மேசையிலும் ஒரு பாட்டில் இருந்தது.

தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து ஒரு பாட்டி, சேலைத் தலைப்பில் சுற்றி ஒரு பூனையைக் கொண்டுவந்தார். பெயர் ராணி. மூக்கைச் சுற்றி மஞ்சள் பொருக்கு, கண்ணில் பீளை, மூச்சில் கொர் கொர் என்ற சத்தம். மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாம். "டாக்டர் தம்பி, நெத்திலிக் கருவாட்டை மூக்குக்கு நேரே வைத்தாலும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்றார். கருவாட்டையும் மடியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். நானும் நீட்டிப் பார்த்தேன். ராணி என்னைத்தான் பார்த்தாள், கருவாட்டை அல்ல.

எனக்கு எங்கள் பாட்டியின் கம்பளி நினைவுக்கு வந்தது. வெந்நீரில் தைலம் விட்டேன். போதாததற்கு, ராணியின் கழுத்துக்குக் கீழே இரண்டு சொட்டு தேய்த்தும் விட்டேன். பூனை என்ன செய்யும்? உடம்பில் எது பட்டாலும் நக்கிச் சுத்தம் செய்யும். ராணியும் செய்தாள். சற்று நேரத்தில் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. நடக்கப் போனால் பின்னங்கால் ஒரு பக்கம் இழுத்தது. பாட்டி என்னை நிமிர்ந்து பார்த்து, "சளிக்கென்று கொண்டுவந்தேன், சாராயம் குடித்ததுபோல் ஆக்கிவிட்டீர்களே" என்றார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டு அந்த ரோமத்தைக் கழுவித் துவட்டி, கணப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலை வெறும் வெந்நீர் ஆவி மட்டும் காட்டி, உப்புநீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கருவாட்டைத் தணலில் வாட்டினோம். வாசனை எழுந்தது. ராணியின் மூக்கு ஒருமுறை துடித்தது. பிறகு காது. பிறகு எழுந்து வந்துவிட்டாள்.

ஏன் இப்படி? நம் கல்லீரல், வேண்டாத பொருள் ஒன்று வந்தால் அதோடு சர்க்கரை போன்ற ஒன்றைக் கட்டி, நீரில் கரையும்படி செய்து, சிறுநீரில் அனுப்பிவிடும். பூனையின் கல்லீரலில் அந்தக் கட்டுகிற வேலைக்கு ஆள் குறைவு. அதற்கான மரபணு ஒன்று அதனிடம் உடைந்து கிடக்கிறது. இறைச்சி தின்றே வாழ்ந்த இனத்துக்குச் செடிகளின் காரத்தை முறிக்கும் தேவை பெரிதாக இருந்திருக்காது. ஆகவே நீலகிரித் தைலம், கற்பூரம், புதினாத் தைலம், கிராம்புத் தைலம், ஓமவல்லிச் சாறு எதுவும் வேண்டாம். வெந்நீரிலும் வேண்டாம், நெஞ்சிலும் வேண்டாம். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் அதைவிடக் கொடியது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். மறுபடியும் சொல்கிறேன்: இலை நமக்கு, பூனைக்கு வெறும் வெந்நீர்.

அந்த வெந்நீரையும் எப்படிக் கொடுப்பது? கம்பளிக்குள் தள்ளினால் உங்கள் கை கிழிந்துவிடும். குளியலறையில் ஒரு வாளி கொதிநீரை வையுங்கள். பூனை தாவி விழாதபடி வாளிமேல் ஒரு கம்பி வலை. கதவைச் சாத்திவிட்டு, பூனையோடு நீங்களும் பத்து நிமிடம் உட்காருங்கள். உங்கள் சளிக்கும் ஆயிற்று. மூக்கைத் துடைக்க, கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு. மருந்துக் கடையில் வாங்குவதானால் வெறும் உப்புநீர்ச் சொட்டு என்று கேட்டு வாங்குங்கள். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து வேறு. அது பூனைக்கு ஆபத்து.

பிறகு சாப்பாடு. வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. சில நாள் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். கொழுத்த பூனைக்கு இன்னும் சீக்கிரம். சளியைவிட எனக்கு அந்தப் பயம்தான் அதிகம். மீனைச் சூடாக்கிக் கொடுங்கள். சாம்பாரில் பிரட்டிக் கொடுக்காதீர்கள், வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை என்றாலே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஆவியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அந்த நிமிடமே கிளம்புங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சி அமைப்பாளர் விரலைச் சுழற்றுகிறார். சுக்கு, மிளகு, திப்பிலிக் கஷாயத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன். சரி, அது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும்: ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அதில் தேன் கலக்காதீர்கள், குழந்தைகளைக் கொதிக்கும் பானைக்கு முன்னால் உட்காரவைக்காதீர்கள். நாங்கள் வெந்துபோகாமல் தப்பியது பாட்டியின் திறமையால் அல்ல, அதிர்ஷ்டத்தால்.

குப்பைமேனியை விட்டுவிட்டேனே! சளிக்கென்று நாம் தேடும் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. வேரைப் பிடுங்கிப் போட்டால் தெருப் பூனையெல்லாம் வந்து அதன்மேல் புரளும். ஏன் புரள்கிறது என்பதற்கே தனியாகப் பதினைந்து நிமிடம் வேண்டும், இவர் தரமாட்டார். விளக்கு அணைகிறது. வணக்கம்.