4,29,49,67,297: ஃபெர்மாவை ஏமாற்றிய எண்

[திரையில்: 4,29,49,67,297]

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இது பகா எண்ணா? ஒற்றைப்படை எண், அதனால் 2-ஆல் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, ஆகவே 3-ஆலும் வகுபடாது. 5, 7, 11, 13 என்று எதை எடுத்தாலும் மீதி விழுகிறது.

[திரையில்: 3, 5, 17, 257, 65537]

2-இன் அடுக்கோடு 1-ஐக் கூட்டுங்கள். அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகட்டும். கிடைக்கும் ஐந்துமே பகா எண்கள். அடுத்த அடுக்கு 32. அங்கே வருவதுதான் நம் எண். இந்த வரிசை முழுக்கப் பகா எண்களே என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை பியர் டி ஃபெர்மா நம்பினார். ஐந்தையும் பார்த்தவர் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

1732-இல் சுவிஸ் கணித மேதை லியோனார்ட் ஆய்லர் அந்த நம்பிக்கையை உடைத்தார். நம் எண் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

[திரையில்: 641 × 67,00,417]

சரி, 641-ஐ எப்படித் தேடிப் பிடிப்பது? ஏதோ ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை அந்தப் பகா எண்ணால் வகுத்து, மீதிகளை வரிசையாக எழுதுங்கள். 32-ஆம் அடுக்கில் மீதி, அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவாக இருக்கும். 64-ஆம் அடுக்கில் மீதி 1. அப்புறம் அதே மீதிகள் மறுபடியும் வரும். ஆக, ஒரு சுற்றின் நீளம் சரியாக 64. பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வரும் எண், இந்தச் சுற்றின் நீளத்தால் மீதியின்றி வகுபட்டாக வேண்டும். இது ஃபெர்மாவே அதே 1640-இல் சொன்ன தேற்றத்திலிருந்து வருவது! தேவையான கருவி அவர் கையிலேயே இருந்தது.

அதனால் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும்.

[திரையில்: 193, 257, 449, 577, 641]

ஐந்தாவது வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

வகுக்காமலே இதை நிரூபிக்கவும் வழி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

[திரையில்: 641 = 640 + 1, 640 = 5 × 2⁷]
[திரையில்: 641 = 625 + 16 = 5⁴ + 2⁴]

இரண்டாவது வரியை 2²⁸-ஆல் பெருக்குங்கள். 5⁴ × 2²⁸ என்பது 640⁴. 2⁴ × 2²⁸ என்பது 2³². எனவே 640⁴ + 2³² என்பது 641-இன் மடங்கு. இன்னொரு பக்கம், 640⁴ − 1-ஐக் காரணிகளாகப் பிரித்தால் 641 × 639 × (640² + 1). அதுவும் 641-இன் மடங்கு. முன்னதிலிருந்து பின்னதைக் கழியுங்கள். 640⁴ அடிபட்டுப்போகும். மிச்சம் 2³² + 1. நம் எண்ணேதான்!

[திரையில்: 65536² + 1² = 62264² + 20449²]

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். நம் எண்ணையோ இரண்டு விதத்தில் எழுதலாம். காரணியே தெரியாவிட்டாலும், இது பகா எண் அல்ல என்று சொல்ல இது ஒன்றே போதும்.

இந்த வரிசையில் ஆறாவது பகா எண் எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. அடுக்கு 2⁵-இலிருந்து 2³² வரை எல்லாமே பகு எண்கள் என்று நிரூபித்துவிட்டார்கள். அடுக்கு 2³³ ஆகும்போது வரும் எண் பகா எண்ணா, பகு எண்ணா என்பது யாருக்கும் தெரியாது.