ஈர மலையில் மாண்டிசோரி: கோடைக்கானலில் இருந்து அரசுப் பள்ளி வரை

(காட்சி: பனி விலகும் கோடைக்கானல் ஏரி)

வணக்கம். 1939-ல் ஆசிரியர் பயிற்சி நடத்த சென்னை அடையாறுக்கு வந்தார் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. அடுத்த ஆண்டே இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசின் கணக்கில் அவர் எதிரி நாட்டுக்காரர். மகன் மரியோவைப் பிடித்து அடைத்தார்கள். அம்மாவின் 70-வது பிறந்தநாளில்தான் விட்டார்கள். 1942 முதல் 1944 வரை இருவரும் கோடைக்கானலில் இருந்தார்கள். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கான பாடங்கள், குறிப்பாகச் செடி கொடி சார்ந்தவை, நன்றாக வளர்ந்தது இங்கேதான்.

மாண்டிசோரி என்றதும் இன்று கட்டணப் பள்ளியின் போர்டுதான் ஞாபகம் வருகிறது. அவர் முதன்முதலில் தொடங்கியதோ 1907-ல், ரோம் நகரில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலும் அந்தச் சாயல் வந்தது உண்டு. 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமாரின் முனைப்பில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். தரையில் பாய், பிள்ளையின் கைக்கெட்டும் தாழ்வான கரும்பலகை, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், பாடத்தைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி அட்டைகள். வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே பாயில்.

மலை கிராமத்து ஆசிரியர்களுக்கு இது முக்கியம். ஒரே அறையில் பல வகுப்புகளை வைத்துச் சமாளிப்பது அங்கே பெரும் பாரம். மாண்டிசோரி அறையிலோ மூன்று வயது வித்தியாசம் வேண்டுமென்றே வைக்கப்படுகிறது. பெரியவன் செய்வதைப் பார்த்தே சின்னவன் பாதி கற்றுக்கொள்கிறான்.

(காட்சி: உருளைக் கட்டை, மிக அருகில்)

இப்போது பொருளுக்கு வருவோம். ஒரு நீளக் கட்டை, பத்துக் குழி, பிடி வைத்த பத்து உருளை. இந்தக் கட்டையில் உயரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. விட்டம் மட்டும் 1 செ.மீ.யில் தொடங்கி அரை அரை செ.மீ.யாகக் கூடி 5.5 செ.மீ. வரை போகும். சின்ன உருளையைப் பெரிய குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளை போக இடமில்லாமல் நிற்கும். “தப்பு” என்று டீச்சர் சொல்ல வேண்டியதே இல்லை, கட்டையே சொல்லிவிடும். மாண்டிசோரி கருவிகளின் உயிர்நாடி இதுதான்.

சமவெளியில் செய்த கட்டை மலைக்கு வந்தால் கோளாறு இங்கேதான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்து உப்பும். உருளை சுற்றிலும் பருக்கும். குழியோ நாரோட்டத்தின் பக்கம் விரியவே விரியாது, அங்கேதான் இடிக்கும். சரியான உருளையைச் சரியான குழியில் வைத்தும் உள்ளே போகாது. பிள்ளை என்ன நினைக்கும்? தான் தப்பு செய்ததாக நினைத்து வேறு குழியைத் தேடும். ஒரு வாரத்தில் அந்தக் கட்டையைத் தொடவே தொடாது.

அதனால் ஆசாரியிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். குழி உருளையைவிட 1 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். அடுத்த பெரிய உருளை 5 மி.மீ. கூடுதல் என்பதால் அது நுழைந்துவிடாது. வார்னிஷை உருளையின் அடிப்பாகத்துக்கும் குழியின் உட்சுவருக்கும் சேர்த்தே அடிக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்த இரண்டு இடமும்தான்.

(காட்சி: உப்புத்தாள் எழுத்து, இரண்டு விரல் தடவுகிறது)

எழுத்து அட்டைக்கு 120-ஆம் நம்பர் உப்புத்தாள் போதும். அதைவிடச் சொரசொரப்பானால் விரல் எரியும், பிள்ளை கையை எடுத்துவிடும். உயிரெழுத்துக்கு நீல அட்டை, மெய்க்கு இளஞ்சிவப்பு. மைதாப் பசை மலையில் பூஞ்சை பிடிக்கும், ஓரம் கிளம்பும். பெவிகால் போட்டு, காகித அட்டைக்குப் பதில் மெல்லிய பிளைவுட்டில் ஒட்டுங்கள்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவ வேண்டும். முதலில் “இது ட, இது ப.” அடுத்து “ப எங்கே, காட்டு.” கடைசியில்தான் “இது என்ன?” அவசரப்பட்டு மூன்றாவதுக்குத் தாவுவதுதான் வழக்கமான பிழை. இரண்டாவது படியில் நிறைய நேரம் விளையாடவிடுங்கள். பிள்ளை தடுமாறினால் திருத்த வேண்டாம். அட்டையை எடுத்து வைத்துவிட்டு நாளைக்கு மறுபடி முதல் படி. ட, ப, ம, கூடவே ம் வந்துவிட்டால் ‘படம்’, ‘மடம்’ படித்துவிடலாம். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் வைத்தால் மூன்றுமே குழம்பும்.

(காட்சி: தட்டில் மலைப்பூண்டு)

கைப்பழக்கத்துக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். கோடைக்கானலை அடுத்த பூம்பாறைப் பக்கம் பூண்டு இல்லாத வீடு ஏது? ஒரு தட்டில் ஐந்தே பல், தோலுக்கு ஒரு கிண்ணம், உரித்ததற்கு ஒரு கிண்ணம். விரல் நுனிக்குப் பலம் வரும், பிறகு பென்சில் நடுங்காது. ஐந்துக்கு மேல் வைக்காதீர்கள். பாதியில் அலுத்துப் போட்டுவிட்டுப் போகும். உரித்த கை கண்ணுக்குப் போகும் முன்னால் கழுவ வேண்டும், ஆகவே தண்ணீரும் துண்டும் பக்கத்திலேயே, பிள்ளை உயரத்தில் இருக்கட்டும்.