"நிச்சயமாகத் தெரியுமா?" என்று கேட்பார்கள்

[திரையில்: பள்ளித் தாழ்வாரம். மணி அடித்து ஓய்கிறது.]

ஒரு கத்தோலிக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு விளையாட்டுப் பயிற்சியாளர். பயிற்சி முடிந்த பிறகும் ஒரே ஒரு மாணவனை மட்டும் நிறுத்தி வைக்கிறார். அவனுக்குப் புது ஷூ வாங்கித் தருகிறார். இரவு நேரத்தில் போனில் செய்தி அனுப்புகிறார். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பையன் சில வாரங்களாக வாயே திறப்பதில்லை. வகுப்பாசிரியைக்கு மனசு உறுத்துகிறது. தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொல்கிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி, "நிச்சயமாகத் தெரியுமா?"

தெரியாது. எப்படித் தெரியும்? ஆசிரியை வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார். விஷயம் அங்கேயே நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த வீடியோ. கேள்வியே தவறு. ஒரு பிள்ளை மீது பாலியல் வன்முறை நடக்கிறதோ என்று புகார் கொடுக்க நிச்சயம் தேவையில்லை, நியாயமான சந்தேகம் போதும். உண்மையா இல்லையா என்று கண்டுபிடிப்பது காவல்துறையும் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிகளும் செய்ய வேண்டிய வேலை. அதற்குத்தான் அவர்களுக்குப் பயிற்சி இருக்கிறது.

பையன் தானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கலாமே? ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஒரு அரச விசாரணை ஆணையம் பள்ளிகள், தேவாலயங்கள், விடுதிகள் எனப் பல நிறுவனங்களில் நடந்த பாலியல் வன்முறைகளை விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்கள் நடந்ததை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக ஏறக்குறைய 24 ஆண்டுகள். அதுவரை காத்திருந்தால் அந்தப் பையனுக்குப் பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளைகள் இருப்பார்கள்.

[திரையில்: 2,395 – 884 – 308]

இந்த எண்கள் அயர்லாந்திலிருந்து வருகின்றன. துறவற சபைகள் நடத்திய பள்ளிகளைப் பற்றி 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியானது. 308 பள்ளிகள், 884 பேர் மீது 2,395 குற்றச்சாட்டுகள். பெரும்பாலானவை பல பத்தாண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள். அப்போது அந்தக் கட்டடங்களுக்குள் வேறு பெரியவர்களும் இருந்தார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்வோம்.

சரி, யாரிடம் சொல்வது? முதலில் காவல்துறையிடமோ அரசின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பிடமோ. அப்புறம்தான் பள்ளி நிர்வாகம், மறைமாவட்டம் (ஆயரின் கீழ் இயங்கும் திருச்சபை நிர்வாகம்). இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நிர்வாகத்திடம் முதலில் போனால் பல நேரம் நடப்பது இதுதான்: "உள்ளுக்குள்ளேயே விசாரிக்கிறோம்" என்பார்கள். சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், அவர் உஷாராகிவிடுவார். போனில் இருந்த செய்திகள் அழிந்துவிடும். பையனை மூன்று பேர் மூன்று விதமாகக் கேள்வி கேட்டுக் குழப்பிவிடுவார்கள். எல்லாரும் நல்லெண்ணத்தோடு செய்தாலும் முடிவு இதுவாகத்தான் இருக்கும்.

யார் கட்டாயம் புகார் செய்ய வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் ஆசிரியர்களுக்கு அது சட்டக் கடமை. அயர்லாந்தில் 2017 டிசம்பர் முதல் ஆசிரியர்களுக்கும் குருக்களுக்கும் கடமை. இந்தியாவின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் இன்னும் விரிவானது. தொழில் எதுவானாலும், தகவல் தெரிந்த எவரும் சொல்லியாக வேண்டும். "தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது" என்று பலர் நம்புகிறார்கள். பல சட்டங்களில் அது முடிவதில்லை.

இனி கத்தோலிக்கப் பள்ளிக்கே உரிய சிக்கல்கள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

[திரையில்: 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' – 2019, 2023]

திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் இந்தத் திருச்சபைச் சட்டத்தை வெளியிட்டார். 2023இல் திருத்தப்பட்ட வடிவம் நிரந்தரமானது. குருவோ துறவியோ இப்படிப்பட்ட குற்றம் செய்ததாகத் தெரிந்தாலோ, அப்படி நினைக்கத் தக்க காரணம் இருந்தாலோ, குருக்களும் துறவிகளும் தாமதிக்காமல் ஆயர் போன்ற உரிய திருச்சபை அதிகாரியிடம் தெரிவித்தே ஆக வேண்டும். அதாவது தலைமை ஆசிரியராக இருக்கும் அருட்சகோதரி, தாளாளராக இருக்கும் பங்குத்தந்தை ஆகியோருக்கு "பார்க்கலாம்" என்று சொல்லும் உரிமையே இல்லை. பொதுநிலை ஆசிரியர்களும், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களும், இதே வழியில் தகவல் தரலாம்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொரு விதி. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது, வாய்மூடி இருக்கச் சொல்லி அவரைக் கட்டுப்படுத்தவும் கூடாது. "திருச்சபைக்குக் கெட்ட பெயர் வந்துவிடும், வெளியே சொல்லாதீர்கள்" என்று யாராவது சொன்னால், அவர் திருச்சபையின் சட்டத்துக்கே எதிராகப் பேசுகிறார். இத்தகைய வழக்குகளைச் சுற்றியிருந்த 'திருத்தந்தையின் இரகசியம்' என்ற கட்டுப்பாட்டையும் 2019 டிசம்பரில் நீக்கிவிட்டார்கள்.

"குற்றம் சாட்டப்பட்டவர் ஃபாதர் இல்லையே, சாதாரண டீச்சர்தானே, மறைமாவட்டத்துக்கு என்ன சம்பந்தம்?" என்றும் கேட்பார்கள். 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருச்சபையின் புதிய தண்டனைச் சட்டம், திருச்சபையில் ஒரு பொறுப்பு வகிக்கும் பொதுநிலையினரையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மறைமாவட்டத்துக்குக் கொடுக்கும் புகார், காவல்துறைக்குக் கொடுக்கும் புகாருக்கு ஈடாகாது. நாட்டின் சட்டம் விதிக்கும் கடமைகள் அப்படியே நிற்கும் என்று 'வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி' சட்டமே சொல்கிறது.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம்? அதில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற முத்திரை குருவை மட்டும்தான் கட்டுப்படுத்தும், அதுவும் அந்த அருட்சாதனத்தில் கேட்டதற்கு. ஆலோசகர் அறையில், தாழ்வாரத்தில், தியானம் முடிந்த பிறகு நடந்த பேச்சில் ஒரு பிள்ளை சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2019இல் ஒரு படி மேலே போய், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதையும் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. திருச்சபை அதை ஏற்கவில்லை. அந்த வாக்குவாதம் தனிக் கதை. ஆசிரியர்கள் அதில் ஒளிந்துகொள்ள முடியாது என்பதுதான் நமக்கு வேண்டியது.

[திரையில்: ஒரு நோட்டுப் புத்தகம், பேனா]

ஒரு பிள்ளை நேரடியாக வந்து சொன்னால்? கேளுங்கள். அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. "உனக்கு உதவக்கூடியவர்களிடம் சொல்வேன்" என்பது நேர்மையான பதில். "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று நீங்களாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளையை இன்னொருவர் முன்னால் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சம்பந்தப்பட்டவரிடம் நீங்கள் போய் நியாயம் கேட்கவும் வேண்டாம்.

உடனே உட்கார்ந்து எழுதுங்கள். தேதி, நேரம், இடம், பிள்ளை சொன்ன அதே வார்த்தைகள். பிள்ளை கொச்சையாகச் சொல்லியிருந்தால் கொச்சையாகவே எழுதுங்கள், நாகரிகமாக மாற்றினால் அது உங்கள் வாக்குமூலம் ஆகிவிடும்.

"பொய்யாகிவிட்டால் ஒரு நல்ல மனிதரின் பெயர் கெட்டுவிடுமே" என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்த மனிதரின் பெயரை அதிகம் கெடுப்பது ஆசிரியர் அறையில் ஓடும் கிசுகிசு. முறையான விசாரணையில் அவர் தன் பக்கத்தைச் சொல்ல முடியும், வதந்திக்கு அவர் யாரிடம் பதில் சொல்வார்? நல்லெண்ணத்தோடு புகார் செய்தவருக்குப் பல நாடுகளின் சட்டம் பாதுகாப்புத் தருகிறது.

புகார் கொடுத்த பிறகு அதன் பதிவு எண்ணையும் யாரிடம் பேசினீர்கள் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் கழித்து, அந்தப் பயிற்சியாளர் "சொந்தக் காரணங்களுக்காக" ராஜினாமா செய்துவிட்டார், நிர்வாகம் நற்சான்றிதழும் கொடுத்தது, வேறொரு பள்ளியில் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்படலாம். அப்போது அந்த எண்ணை எடுத்து, அதே அதிகாரியைக் கூப்பிட்டு, புதுப் பள்ளியின் பெயரைச் சொல்லுங்கள்.