காத்தான் மெட்டில் ஒரு கோயில் வாசல்

அவையோருக்கு வணக்கம். எதிர்ப்புக் கலை என்றதும் அரசையும் படையையும் நோக்கி நீண்ட விரலே நமக்கு நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தில் அந்த விரல் நம் சொந்த முற்றத்தையும் சுட்டியது என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைந்து வழிபட, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள்; அவர்களை வாசலில் மறித்தவர்களும் தமிழரே. அந்தப் போராட்டத்தைக் கருவாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ நாடகத்தை அம்பலத்தாடிகள் என்ற நாடகக் குழுவினர் காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேற்றினார்கள். என் மதிப்பில், அந்தப் பாணியைத் தேர்ந்ததே அவர்கள் செய்த மிகப் பெரிய அரசியற் காரியம். அம்மன் கோயில்களில் நேர்த்திக்காக விடிய விடிய ஆடப்படும் காத்தான் கூத்து, பிராமணப் பெண்ணான ஆரியமாலையை விரும்பிக் கழுமரம் ஏறியவனின் கதையாகும். தலைமுறை தலைமுறையாக அந்தக் கழுமரத்தின் முன் கண் கலங்கிய ஊர், அதே மெட்டில் கோயில் வாசலில் அடிபட்டவனின் குரலைக் கேட்டபோது, பாட்டு நமது, வலி மட்டும் பிறருடையது என்று ஒதுங்க வழியில்லாமற் போயிற்று.

1985 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் ஊர் ஊராகச் சென்றது. இராணுவ ஒடுக்குமுறை நெருக்கிய அந்த நாட்களில், தலைப்பே பாதி நாடகத்தைச் சொல்லிவிட்டது; புட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்ட பெருமானின் திருவிளையாடலைக் கேட்டு வளர்ந்த சபைக்கு, அடி யார் முதுகில் விழுந்தாலும் எல்லார் முதுகிலும் விழும் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் இரண்டாவது நாடகத்தை நினைவுகூரும் அளவுக்கு முதலாவதை நாம் நினைவுகூர்வதில்லை. அது என்னை வருத்துகிறது. முதல் நாடகத்தின் கதையோ இன்னும் முடியவில்லை: 2017 இல் புத்தூரின் கலைமதிக் கிராம மக்கள், தம் குடியிருப்புக்கு நடுவே பிணம் எரிக்கும் மயானத்தை அகற்றுமாறு கேட்டுப் போராடினார்கள். கூத்துப் பயிலும் மாணவர்களே, அந்தப் புகையைச் சுவாசித்தவர்களிடம் சென்று அமர்ந்து அவர்கள் கதையைக் கேளுங்கள். அதைக் காத்தான் மெட்டிற் கட்டி, முதல் ஆட்டத்தை அவர்களுடைய முற்றத்திலேயே ஆடுங்கள். அடுத்த ஆட்டத்தை நம்முடைய கோயில் வீதிகளில் ஆடுங்கள்.