யமுனைக் கரைப் பூங்கா: கேட்பதை அளவோடு கேட்போம்

அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஆற்றங்கரைப் பூங்காவுக்குக் கருத்துச் சொல்லுங்கள் என்று அறிவிப்பு வந்தால் நாம் என்ன எழுதிக் கொடுக்கிறோம்? கழிப்பறை வேண்டும், விளக்கு வேண்டும், முதியோருக்கு வசதி வேண்டும். வாங்குகிறவர் கோப்பில் வைத்துக்கொள்வார். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு அகலம் என்று சொல்லாத கோரிக்கையை வரைபடத்தில் எங்கே போடுவது? தில்லித் தமிழர்களாகிய நாம் அளவோடு கேட்கப் பழக வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஆறு. பழைய ரயில்வே பாலத்தில் கடல் மட்டத்திலிருந்து 204.50 மீட்டர் எச்சரிக்கை மட்டம், 205.33 அபாய மட்டம். 2023 ஜூலையில் யமுனை 208.66 வரை ஏறியது, 1978இன் 207.49ஐயும் தாண்டிவிட்டது. அசிதா, பான்சேரா பூங்காக்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வெள்ளச் சமவெளியில் கட்டுமானம் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015லேயே சொல்லியிருக்கிறது. ஆகவே காதர் எனப்படும் அந்த வெள்ளச் சமவெளி நிலத்தில் கழிப்பறை கேட்காதீர்கள். ஒரு வெள்ளம் வந்தால் போதும், கழிவுத்தொட்டி பொங்கி நடைபாதையிலேயே பரவும். கழிப்பறை, மின்பெட்டி, குடிநீர்த்தொட்டி மூன்றும் புஷ்தா என்னும் வெள்ளத்தடுப்புக் கரையை ஒட்டிய மேட்டில்தான் இருக்க வேண்டும்.

மேட்டில் வைத்தால் கீழே இருப்பவர் ஏறி வர வேண்டுமே? அதனால்தான் சாய்தளத்துக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் என்பது அணுகல் விதி. அதற்குமேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. 75 செ.மீ. ஏறியதும் 1.5 மீட்டர் சமதளம் வேண்டும். கரை 3 மீட்டர் உயரம் என்று வையுங்கள். சாய்வு 36 மீட்டர், நடுவில் மூன்று சமதளங்கள், மொத்தம் 40.5 மீட்டர். வரைபடத்தில் இந்த இடத்தை முதலிலேயே ஒதுக்காவிட்டால் என்ன ஆகும்? கடைசியில் மிஞ்சிய நாலு மீட்டரில் 75 செ.மீ. உயரத்தை அடக்கிச் சிமெண்ட் பூசுவார்கள். சக்கர நாற்காலி அதில் பின்பக்கமாகக் கவிழும். தள்ளிக்கொண்டு போகிறவராலும் பிடித்து நிறுத்த முடியாது.

இதைச் சோதிக்க இன்ஜினியர் வேண்டியதில்லை. கொத்தனாரிடம் இருக்கும் 60 செ.மீ. ரசமட்டம் போதும். சாய்தளத்தின் மேல் நீளவாக்கில் வையுங்கள். தாழ்ந்த முனையை மெல்லத் தூக்குங்கள். குமிழி நடுவில் நின்றதும் அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். 5 செ.மீ.க்குள் இருந்தால் விதிப்படி சரி. 3 செ.மீ. என்றால் கைத்தடி ஊன்றும் பாட்டியும் மூச்சு வாங்காமல் ஏறுவார். ஏழெட்டு செ.மீ. காட்டினால் அங்கேயே சுண்ணக்கட்டியால் குறித்துப் படம் எடுங்கள்.

வாசலிலும் ஒரு சிக்கல் உண்டு. மோட்டார் சைக்கிளைத் தடுக்க வளைந்த இரும்புக் கம்பி போடுவார்கள். சக்கர நாற்காலிக்கு 90 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். அந்த இடைவெளியில் வண்டியும் நுழைந்துவிடும். இரும்பால் இது தீராது. ஒரு காவலாள் வேண்டும். அவர் சம்பளத்தைப் பராமரிப்புச் செலவில் காட்டும்படி கேளுங்கள். பார்வையற்றோருக்கான புடைப்பு ஓடுகளும் அப்படித்தான். வெள்ளம் வடிந்ததும் வண்டல் காயும் முன்னே தண்ணீர் பீய்ச்சிக் கழுவாவிட்டால் புடைப்பே தெரியாது. கழுவ யார், எத்தனை நாளுக்குள் என்பதும் எழுத்தில் வர வேண்டும்.

சரி, யாரிடம் கேட்பது? ஞாயிறு காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டால் நம்மைப் போன்றவர்கள்தான் வருவோம். திரிலோக்புரியிலிருந்து மயூர் விஹார் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள் அந்த நேரத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். சில்லா காதரில் காய்கறி பயிரிடுகிறவர் வயலில் இருப்பார். அவர்கள் நடக்கும் பாதைக்கே நாம் போக வேண்டும். விடியல், மதியம், இருட்டிய பின் என மூன்று வேளையும், ஒரு வேலைநாளும் ஒரு ஞாயிறும், மணிக்குப் பத்து நிமிடம் நின்று எண்ணுங்கள்: பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, கோல் ஊன்றியவர் எத்தனை. ஆறால் பெருக்கினால் அந்த மணிக்கான கணக்கு வந்துவிடும். இருட்டிய பின் பெண்கள் கணக்கு சடாரென்று இறங்கும் இடத்தில் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் இடுப்புக்கு மேல் வளர்ந்த புதர், அல்லது ஒரு கம்பத்தில் கண்ணைக் கூசும் வெளிச்சமும் அடுத்த கம்பம்வரை கும்மிருட்டும். வெளிச்சம் அதிகம் வேண்டாம், சீராக வேண்டும்.

நம்மவர்கள் ஆடிப்பெருக்குக்குப் படித்துறை கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் ஆடி 18 வருவது ஆகஸ்ட் முதல் வாரத்தில். யமுனை நிறைந்து ஓடும் காலம். கிழக்கு உத்தரப் பிரதேசம், பீகார் பக்கத்துப் பூர்வாஞ்சல் மக்கள் ஆற்றில் நின்று சூரியனை வணங்கும் சத் பூஜையோ தண்ணீர் இறங்கிய அக்டோபர், நவம்பரில். ஒரே படித்துறை இரண்டுக்கும் உதவாது. நமக்கு மேட்டில் கைப்பிடிச் சுவரும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஒரு பூசைத் திண்ணை கேட்போம். முளைப்பாலிகையுடன் குழந்தைகளை அழைத்துவரும் தாய்மார்களுக்கு அதுவே பத்திரம்.

இனி, மிக முக்கியமான இடம். கருத்துகள் தொலைந்துபோவது கூட்டத்திலல்ல, டெண்டரில். காண்ட்ராக்டர் செய்வது அளவுப்பட்டியலில் உள்ளதை மட்டும்தான். "முதியோர் வசதி" என்று அதில் ஒரு வரி வராது. "கைப்பிடியும் சாய்மானமும் உள்ள இருக்கை, உயரம் 45 செ.மீ., 30 மீட்டருக்கு ஒன்று, பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க 90 செ.மீ. தளம்" என்றால் வரும். டெண்டர் விடுமுன் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 நம் கையில் இருக்கிறது. முழுப் பாதையும் போடுமுன் ஐந்து மீட்டர் மாதிரித் துண்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிழை அதில் தெரிந்தால் ஒரு நாளில் உடைத்துத் திருத்திவிடலாம்.

வாசலில் சங்கத்தின் தாள் வைத்திருக்கிறோம். இடம், நேரம், யாருக்கு, எவ்வளவு என்று நான்கே கட்டங்கள். தமிழிலோ இந்தியிலோ நிரப்பலாம். எழுத வராதவர்களுக்கு இளைஞர்கள் எழுதித் தருவார்கள். வீட்டில் ரசமட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் போகும்முன் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.