பேசாத கருவி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்காரன். எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்பா, பெரியப்பா, நான், என் தம்பி, எல்லோரும் பட்டாளத்தில் இருந்தவர்கள். வெயிலூர் என்று பெயர் வாங்கிய இந்த வட்டாரத்து ஆளைக் கூப்பிட்டு இன்றைக்குப் பனிச்சறுக்கைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் காஷ்மீரில் குல்மார்க்கில் குளிர்காலப் பயிற்சி எடுத்தவன் என்பதுதான் காரணம். ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளி அங்கே இருக்கிறது. 1948இல் ஜெனரல் திம்மையா காலத்தில் சின்ன ஸ்கீ பள்ளியாகத் தொடங்கியது அது. காலில் இரண்டு நீளப் பலகையைக் கட்டிக்கொண்டு நான் முதன்முதலாக விழுந்ததும் எழுந்ததும் அந்தச் சரிவில்தான்.

இப்போது என் பேரன் குல்மார்க் போகிறான். பெங்களூரில் வேலை பார்க்கிறான், கூட வேலை செய்யும் நண்பர்கள் ஐந்து பேரும் போகிறார்கள். போன மாதம் வீட்டுக்கு வந்தவன் செல்போனில் வரிசையாகப் படங்களைக் காட்டினான். வேகத்தைக் கண்ணுக்கு நேரே காட்டும் கண்ணாடி, காலுறைக்குக் கீழே வைத்தால் நாம் சறுக்குவது சரியா தப்பா என்று காதில் சொல்லும் கருவி, பேட்டரியில் சூடாகும் கையுறை, விழுந்தால் தானே ஆம்புலன்ஸைக் கூப்பிடும் கைக்கடிகாரம். "தாத்தா, இதில் எதை வாங்கட்டும்?" என்று கேட்டான். அன்றைக்கு நான் அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

முதலில் கண்ணாடி. இது புதுசு இல்லை. 2012இல் ஓக்லி என்ற நிறுவனம் ஏர்வேவ் என்று ஒரு பனிக்கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 599 டாலர். உள்ளே இருந்த சின்னத் திரையைச் செய்தது கனடாவில் வான்கூவரைச் சேர்ந்த ரீகான் என்ற நிறுவனம். வலது கண்ணின் கீழ் ஓரத்தில் வேகம் தெரியும், எவ்வளவு உயரம் குதித்தோம் என்று தெரியும், நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும், போனுக்கு வரும் குறுஞ்செய்திகூடத் தெரியும். 2015இல் ரீகானை இன்டெல் வாங்கியது. 2017இல் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. பனியில் சறுக்குகிறவர்களிடம் வாங்கப் பணம் இல்லாமல் போகவில்லை. ஸ்கீ பழகுகிறவர்களில் பலர் வசதியானவர்கள்தான். அது அவர்களுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்டால், ஒரு சின்னக் கணக்கு. ஓரளவு பழகிய ஆள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவது சாதாரணம். அப்படியானால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். அந்த ஒரு நொடி கண் ஓரத்துத் திரைக்குப் போனால், 11 மீட்டரை நீங்கள் பார்க்காமல் கடக்கிறீர்கள். அதற்குள் ஒரு பாறை இருக்கலாம், விழுந்து கிடக்கும் ஒரு குழந்தை இருக்கலாம்.

கண்ணைவிட முக்கியம் காது. எங்கள் பயிற்சியாளர் ஒரு பஹாடி, அதாவது மலைநாட்டுக்காரர். அதிகம் பேச மாட்டார். மூன்றாம் நாள் எங்களை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். ஒவ்வொருவராகச் சறுக்கிப் போக, மற்றவர்கள் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். புதுப் பனியில் ஸ்கீ போனால் 'புஸ்' என்று அடங்கிய சத்தம். இறுகிய பனியில் 'சர்ர்'. பனிக்கட்டிமேல் ஏறினால் தகரத்தைச் சுரண்டுவதுபோல. அப்புறம் இன்னொரு சத்தம் இருக்கிறது. காலடியில், ஆழத்தில், 'உம்ப்' என்று மூச்சு விடுவதுபோலக் கேட்கும். மேல் அடுக்கின் பாரம் தாங்காமல் உள்ளே ஒரு பலவீனமான அடுக்கு நொறுங்கும் சத்தம் அது. அதைக் கேட்டால் அந்தச் சரிவில் மேற்கொண்டு ஓர் அடிகூட வைக்கக் கூடாது. அந்த நேரத்தில் காதில் பாட்டோ, "இடது காலில் அழுத்தம் குறைவு" என்ற குரலோ ஓடிக்கொண்டிருந்தால் மலை சொன்னது நம் காதில் விழாது.

எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டது. பாலாற்று மணலில் ஓடி வளர்ந்தவன் நான். ஊற்றுத் தோண்டுகிற இடத்தில் ஓரத்து மணல் சரியப்போகிறது என்பதைப் பாதம்தான் முதலில் சொல்லும். பனியும் அப்படித்தான்.

அந்தக் காலுக்கடியில் வைக்கும் கருவியை நான் முழுதாக ஒதுக்கவில்லை. கார்வ் என்று ஒன்று லண்டனிலிருந்து வந்தது, 2016இல் மக்களிடமே பணம் திரட்டித் தொடங்கினார்கள். பாதத்தின் அழுத்தம் எங்கே விழுகிறது என்று முதலில் வந்த கருவி அளந்து சொன்னது. நல்ல வாத்தியார் பக்கத்தில் இல்லாதவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டில் உட்கார்ந்து மேலே போகும்போது கேட்டுக்கொள் என்றேன் பேரனிடம். இறங்கும்போது வேண்டாம்.

கைக்கடிகாரம் விஷயம். 2022இல் ஆப்பிள் தன் போனிலும் கடிகாரத்திலும் விபத்தை உணரும் வசதியைக் கொண்டுவந்தது. கார் மோதினால் தானாக அவசர எண்ணை அழைக்கும். அந்தக் குளிர்காலம் அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் சறுக்கி விழுந்து, சிரித்துக்கொண்டே எழுந்தவர்களின் பையிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாகப் போய்க் குவிந்தது. அங்கிருந்த அவசர உதவி மையத்து ஊழியர்கள் திணறிப்போனார்கள். நிஜமாகவே கால் உடைந்தவனின் அழைப்பு அந்தக் கூட்டத்துக்குள் காத்திருக்க வேண்டியிருந்தால் என்ன ஆவது? அதற்குப் பிறகு மென்பொருளைத் திருத்தினார்கள். நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை அனுமதி இல்லாமல் எடுத்துப் போனால் கைது வரைக்கும் போகும். கடிகாரத்தை நம்பி மலை ஏறுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

பேட்டரியும் அப்படித்தான். குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். கன்டோலா என்ற கம்பிவடப் பெட்டியில் அபர்வத் மலைக்கு ஏறினால் 3,900 மீட்டரைத் தாண்டிவிடும். அந்தக் குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் அயனிகள் நகர்வது மந்தமாகிவிடும். பாதி சார்ஜ் காட்டிய போன் பொசுக்கென்று அணைந்துவிடும். உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் பிழைக்கும்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனதும் பேரன் முகம் வாடிவிட்டது. "அப்போ எதுவுமே வேண்டாமா?" என்றான். வேண்டும். ஒன்று கட்டாயம் வேண்டும்.

நான் பயிற்சிக்குப் போன காலத்தில் பனிச்சரிவு ஆபத்துள்ள இடத்தைக் கடக்கும்போது இடுப்பில் நீளமான சிவப்புக் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். ஆள் புதைந்தாலும் கயிற்றின் ஒரு பக்கம் மேலே தெரியும் என்று நம்பிக்கை. பல நேரம் தெரியாது. அப்புறம் புதைந்தவரைத் தேட மார்பில் கட்டும் கருவி வந்தது, ஏ.வி.டி. என்போம். 1968இல் அமெரிக்காவில் ஜான் லாட்டன் என்ற பொறியாளர் முதலில் செய்த கருவியின் வழியில் வந்தது அது. இன்றைக்கு உலகம் முழுவதும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வேலை எளிமையானது. குழுவில் எல்லோருடைய கருவியும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். அம்பும் எண்ணும் வழி காட்டும். எண் குறையக் குறைய நெருங்குகிறோம். அப்புறம் நீளக் கம்பியைக் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்ட வேண்டும். சரிந்து நின்ற பனி சிமெண்ட்போல இறுகிவிடும், கையால் பறிக்க முடியாது. முதல் பத்து நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் பத்தில் மூன்று பேர்தான். ஆகவே தேடி வரப்போவது வெளியிலிருந்து வரும் ஹெலிகாப்டர் அல்ல, பக்கத்தில் சறுக்கிய நண்பன். ஒருவன் மட்டும் வாங்கினால் பிரயோஜனம் இல்லை, ஆறு பேரிடமும் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் மாறினால் மன்னிக்க வேண்டும். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், 19,600 அடி உயரத்தில், மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் பனிக்கடியில் புதைந்தார்கள். நம் வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஒருவரும் அதில் இருந்தார். ரேடாரும் பனியை அறுக்கும் இயந்திரமும் மோப்ப நாய்களும் கொண்டு தேடினார்கள். ஆறாம் நாள் அந்தப் பத்துப் பேரில் ஹனுமந்தப்பா என்ற வீரர் உயிரோடு கிடைத்தார், 11ஆம் தேதி தில்லியில் காலமானார். எல்லாம் நவீன கருவிதான். அந்த ஆழத்துக்கும் அந்த உயரத்துக்கும் முன்னால் நேரம் கைகொடுக்கவில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் டிவியை அணைக்கவில்லை.

சறுக்குகிறவர்கள் கருவியை வெறுக்கிறவர்கள் இல்லை. தேடுகிறவர்கள் அனுப்பும் சமிக்ஞையைத் திருப்பி அனுப்ப உடையில் தைத்த ரெக்கோ என்ற சின்ன எதிரொலிப்பானுக்குப் பேட்டரியே கிடையாது, யாரும் குறை சொன்னதில்லை. ஸ்கீ உலகக் கோப்பை வேகப் பந்தயங்களில் 2024-25 பருவத்திலிருந்து உடைக்குள் காற்றுப்பை கட்டாயம் ஆகிவிட்டது. உடம்பு அசைவு மாறிவிடும் என்று பெரிய வீரர்களே சிலர் தயங்கினார்கள், ஆனாலும் விழும்வரை அது விரியாது. இருக்கும், பேசாது. பனியில் போகிறவன் கேட்பது அந்த மாதிரிக் கருவியைத்தான்.

பேரன் நண்பர்களிடமிருந்து அந்தத் தேடும் கருவி இரண்டை இரவல் வாங்கி வந்தான். போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பாலாற்றுக்குப் போனோம். ஒன்றைத் துணியில் சுற்றி, முழங்கை ஆழத்தில் மணலில் புதைத்துவிட்டு, அவனைத் தூரத்தில் நிறுத்தித் தேடச் சொன்னேன். அம்பு வலது இடதாகத் துள்ளியது. ஒன்பது நிமிடம் ஆயிற்று. என்ன தப்பு என்று பார்த்தால், சட்டைப் பையில் போன், கையில் ஸ்மார்ட் வாட்ச். இரண்டும் கருவியின் காதைக் குழப்புகின்றன. தேடும்போது போனும் கடிகாரமும் சூடேற்றும் கையுறையும் கருவியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிக் கரையில் வைத்தான். அடுத்த முறை ஆறு நிமிடம். மூன்றாவது முறை, கருவியை மணலோடு மணலாகத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, எண்ணை மட்டும் பார்த்து நடந்தான். நான்கு நிமிடத்தில் குனிந்து தோண்டத் தொடங்கினான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் ஐந்து பேரும் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். மண்வெட்டி எங்கள் வீட்டில் இருக்கிறது.