அடிக்கல்லுக்கும் நாடாவுக்கும் இடையில்

வணக்கம் நேயர்களே.

மேசன் வேலை, தச்சு வேலை, கூரை வேலை செய்துவிட்டு அரசியலுக்குப் போனவர்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வன்னியில் இந்த விசயத்துக்கு முன்னுரை தேவையில்லை. மீள்குடியேறி வந்த பிறகு ஒரு சுவராவது கட்டாத குடும்பம் இங்கே குறைவு. இந்திய வீட்டுத் திட்டத்தில் 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வந்தபோது, வீட்டுக்காரரே ஒப்பந்தகாரராக நின்று சீமெந்துப் பையை எண்ணினார், மணல் லோட்டை அளந்தார், மேசனோடு கதைத்துக் கூலி பேசினார். ஆகவே கியூப் என்றால் எவ்வளவு, லிண்டல் எங்கே வரும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரே விசயத்துக்கு வருகிறேன்.

ஒரு வீதி போடுகிறார்கள் என்று வையுங்கள். அரசியல்வாதி அந்த இடத்துக்கு எத்தனை தடவை வருவார்? வழக்கமாக இரண்டு. அடிக்கல் நாட்ட ஒருநாள், நாடா வெட்ட ஒருநாள். அடிக்கல் நாட்டும் நாளில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. நாடா வெட்டும் நாளில் எல்லாம் மூடப்பட்டிருக்கும். கம்பி கொங்கிறீட்டுக்குள், அத்திவாரம் மண்ணுக்குள், கிறவல் என்கிற சரளை மண் வீதிக்குள். கட்டட வேலையின் நல்லது கெட்டது முழுவதும் இந்த இரண்டு நாளுக்கும் நடுவில்தான் நடக்கிறது. மேசன் ஒருவர் உள்ளூராட்சிச் சபைக்குப் போனால் அவர் அந்த நடு நாட்களில் வரவேண்டும் என்பதுதான் என் வாதம். இதை இன்றைக்குப் பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஹென்றி புரோட்ஹர்ஸ்ட் என்று ஒருவர் இருந்தார். 1840 இல் பிறந்தவர். தகப்பனும் கல்தச்சர், மகனும் கல்தச்சர். ஊர் ஊராக வேலை தேடி நடந்து, கடைசியில் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார். அங்கே பாராளுமன்றக் கட்டடத்தின் மணிக்கூட்டுக் கோபுரத்தில் கல் வேலை செய்தார். படங்களில் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கும் அதே கோபுரம்தான். சில வருடங்கள் கழித்து, 1880 இல், அதே கட்டடத்துக்குள் உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார். 1886 இல் பிரதமர் கிளாட்ஸ்டனின் அரசாங்கத்தில் உள்துறைத் துணைச் செயலாளர் ஆனார். பிரித்தானியாவில் கையால் உழைத்த ஒருவர் அரசாங்கப் பதவிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வேல்ஸ் இளவரசர் தன்னுடைய நாட்டுப்புற மாளிகைக்கு அவரை விருந்தாளியாக அழைத்தார். இரவு விருந்துக்குப் போடுகிற உடுப்பு புரோட்ஹர்ஸ்டிடம் இல்லை. இரவல் வாங்கவும் இல்லை. அதனால் சாப்பாட்டை அவருடைய அறைக்கே அனுப்பினார்கள். இந்தக் கதையை எழுதுகிறவர்கள் உடுப்போடு நின்றுவிடுகிறார்கள். அந்த அழைப்பு எதனால் வந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1884 இல் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி விசாரிக்க ஓர் அரச ஆணைக்குழு போட்டார்கள். இளவரசரும் அதில் உறுப்பினர், கல்தச்சரும் அதில் உறுப்பினர். வீடு எப்படிக் கட்டப்படுகிறது என்று கை அறிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தார்.

அவர் விடாமல் பேசிய விசயம் காணி. இங்கிலாந்தில் குத்தகைக் காணியில் ஒருவர் சொந்தக் காசு போட்டு வீடு கட்டுவார். குத்தகைக் காலம் முடிந்ததும் காணி மட்டுமல்ல, வீடும் காணிச் சொந்தக்காரருக்குப் போய்விடும். குடியிருப்பவர் அந்தக் காணியை விலைக்கு வாங்க உரிமை வேண்டும் என்று புரோட்ஹர்ஸ்ட் சட்டமூலம் கொண்டுவந்தார். அனுமதிப்பத்திரக் காணியில் வீடு கட்டிவிட்டு, உறுதி எப்போது வரும் என்று பிரதேச செயலகத்துக்கு நடக்கும் நேயர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. சுவரின் பலம் சீமெந்தில் பாதி, காணிப் பத்திரத்தில் பாதி.

சரி, நம்முடைய வீதிக்கு வருவோம். இதில் கொஞ்சம் கூடுதலாக நிற்கப்போகிறேன். வாகனம் ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் கணக்குப் போடவேண்டாம், நானே போட்டுச் சொல்கிறேன்.

உள்ளூர் வீதி ஒன்று. 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் தடிப்பு, அதாவது ஆறு அங்குலம். மூன்றையும் பெருக்கினால் 45 கன மீற்றர் கொங்கிறீட். தடிப்பு 120 மில்லிமீற்றராகக் குறைந்தால் 36 கன மீற்றர்தான் போகும். ஒன்பது கன மீற்றர் மிச்சம். சீமெந்து, மணல், கல் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ எட்டுப் பை சீமெந்து வேண்டும். ஆக, எழுபது பைக்கு மேல் வீதிக்குள் போகவில்லை. காசை விடுங்கள், பலத்தைப் பாருங்கள். பலகை போல வளைந்து பாரம் தாங்கும் எதற்கும், பலம் தடிப்பின் வர்க்கத்தோடு போகும். தடிப்பில் ஐந்தில் ஒன்று குறைந்தால் பலத்தில் மூன்றில் ஒன்றுக்கும் மேலே போய்விடும். நெல் ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி ஒரு போகம் ஓடினால் போதும், நடுவால் வெடிக்கும்.

இந்தக் குறைவு வெளியில் தெரியாது. பக்கத்தில் அடித்த பலகை ஆறு அங்குலம்தான். பலகையைக் கழற்றிய பிறகு வீதியின் ஓரத்தில் அளவுகோல் வைத்தால் சரியாக ஆறு அங்குலம் காட்டும். ஆனால் கீழே போட்ட கிறவல் நடுவில் குவிந்திருந்தால் அங்கே நாலரை அங்குலம்தான் இருக்கும். இதெல்லாம் களவு என்று நான் சொல்லவில்லை. ரோலர் ஓடும்போது கிறவல் நடுவில் குவிவது சாதாரணம். கொங்கிறீட் போடுமுன் அதை வெட்டிச் சமப்படுத்த ஓர் அரை நாள் வேலை இருக்கிறது, அந்த அரை நாளைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பார்ப்பதற்கு ஒரு நூல் போதும். ஒரு பக்கப் பலகையின் மேல் விளிம்பிலிருந்து மறு பக்கப் பலகையின் மேல் விளிம்புக்கு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூலிலிருந்து கிறவல் வரைக்கும் அளவுகோலை இறக்குங்கள். நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. பத்து மீற்றருக்கு ஒரு தடவை அப்படிப் பாருங்கள். மேற்பரப்பு நடுவில் உயர்த்தி முடிக்கப்படும் வீதியென்றால் அந்த உயர்வையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். நூறு மீற்றருக்கு அரை மணித்தியாலம் பிடிக்காது. ஆனால் இதைக் கொங்கிறீட் போடும் நாள் காலையில், லொறி வருமுன் செய்யவேண்டும். மத்தியானம் வந்தால் ஒன்றும் பார்க்க முடியாது. நடு நாள் என்று நான் சொன்னது இதைத்தான்.

அடுத்தது தண்ணீர். 50 கிலோ பை ஒன்றுக்கு 25 லீற்றர் தண்ணீர் என்று வையுங்கள். மாரியில் மணல் ஈரமாக இருக்கும். ஒரு பைக்குப் போகும் மணலிலேயே நாலு லீற்றர் தண்ணீர் ஒளிந்திருக்கும். அதைக் கழித்து ஊற்றவேண்டும். கழிக்கமாட்டார்கள். அதற்கு மேலே, இழுத்துப் பரப்ப இலேசாக இருக்கிறதென்று இன்னொரு அரை வாளி. பைக்கு ஐந்து லீற்றர் கூடினால் பலம் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று குறையும், மேற்பரப்பு சில மாதத்தில் தூளாகப் பறக்கும். ஈர மணலில் இன்னொரு மோசம், அது பொம்மிக்கொள்ளும். நூற்றுக்கு ஐந்து ஈரம் உள்ள மணல், காய்ந்த மணலைவிட கால்வாசி கூடுதல் இடம் பிடிக்கும். பெட்டியில் அளந்தால், கொத்தில் அளந்த உமி மாதிரி, நிறைவாகத் தெரியும், உள்ளே சரக்குக் குறைவு. பெட்டிக் கணக்கு ஒன்றும் பிழைக்கவில்லை, கலவை மட்டும் பிழைத்துவிட்டது.

மாரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அரசாங்கத்தின் நிதி ஆண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. காசு தாமதமாக வரும், வருட முடிவுக்குள் செலவழிக்கவேண்டும். அதனால் வன்னியின் பல வீதிகள் கார்த்திகை, மார்கழி மழைக்குள்தான் போடப்படுகின்றன. ஈரக் கிறவலில், சேற்றில், தூறலில். இதை மேசன் சரிசெய்ய முடியாது, தொழில்நுட்ப உத்தியோகத்தரும் சரிசெய்ய முடியாது. சபையில் இருப்பவர்தான் வேலைகளைச் சித்திரைக்குள் அங்கீகரித்து முடிக்கலாம். வேலையை அறிந்தவருக்கு மட்டுமே இந்தத் திகதியின் அருமை விளங்கும்.

கோடையில் போட்டாலோ வேறு சிக்கல். சோளகக் காற்று அடிக்கும்போது மேற்பரப்பு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்து முடிமுடியாக வெடிக்கும். குறைந்தது ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். மணலால் வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கலாம், அல்லது நனைத்த சாக்கு விரிக்கலாம். காலையில் ஒரு வாளி தெளித்துவிட்டுப் போவது கணக்கில் சேராது. ஏழு நாளும் தண்ணீர் எங்கிருந்து வரும்? மதிப்பீட்டில் தண்ணீர் பவுசருக்குக் காசு இருக்கிறதா? இல்லையென்றால் தண்ணீர் விடப்படாது, அதை அன்றைக்கே எழுதிக்கொள்ளலாம். இந்த ஒரு கேள்வியை ஒவ்வோர் உறுப்பினரும் சபைக் கூட்டத்தில் கேட்டாலே போதும். உறுப்பினராக இல்லாதவர்களும் கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மதிப்பீட்டின் பிரதியைக் கோரலாம். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

வெட்டு இணைப்பையும் சொல்லிவிடுகிறேன், வீதிக்குக் குறுக்கே மேற்பரப்பில் வெட்டிவிடும் கோடு அது. ஆறு அங்குலத் தடிப்புக்கு 12 முதல் 15 அடிக்கு ஒரு வெட்டு. ஆழம் தடிப்பின் கால்வாசி, ஒன்றரை அங்குலம். போட்டு ஒரு நாளுக்குள் வெட்டவேண்டும். நாம் வெட்டாவிட்டால் கொங்கிறீட் தானே தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் மேசன்மாரை எல்லாம் சபைக்கு அனுப்பினால் ஊர் திருந்திவிடுமா என்று கேட்பீர்கள். அதற்குப் பதிலாகக் கிழக்கு ஜேர்மனியைச் சொல்கிறேன்.

அங்கே ஆட்சியில் முதல் ஆளாக இருந்த வால்ட்டர் உல்பிரிக்ட் தச்சுத் தொழில் பழகியவர். 1953 மே மாதம் அவருடைய அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு நாளில் முடிக்கவேண்டிய வேலையின் அளவு நூற்றுக்குப் பத்தாவது கூடவேண்டும், கூலி கூட்டப்படாது. முதலில் எதிர்த்தவர்கள் யார்? கட்டடத் தொழிலாளிகள். கிழக்குப் பேர்லினில் ஸ்டாலின் பெயர் வைத்த பெருந்தெருவில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஜூன் 16 இல் வேலையை விட்டு இறங்கி, அமைச்சுகள் இருந்த கட்டடத்துக்கு நடந்து போனார்கள். மறுநாள் அது நாடெங்கும் பரவியது. சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. ஒரு நாளில் எத்தனை கல் வைக்கமுடியும், பத்து வீதம் கூட்டினால் முதுகுக்கு என்ன நடக்கும் என்று உல்பிரிக்டுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தும்தான் போட்டார். அவருக்குப் பிறகு வந்த எரிக் ஹொனெக்கர் கூரை வேலை பழகத் தொடங்கி முடிக்காமல் விட்டவர். 1961 ஓகஸ்ட் 13 இல் பேர்லின் நகரை மறித்த, பிறகு மதிலாக எழுந்த வேலையை ஒழுங்குபடுத்தியவர் அவர்தான். தொழில் அறிந்தவர்கள் கட்டினார்கள், ஆனால் எதைக் கட்டினார்கள் பாருங்கள்.

நேரம் ஓடுகிறது. சேர்ச்சிலைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தன் வீட்டுத் தோட்டத்தில் செங்கட்டிச் சுவர் கட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. 1928 இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். சங்கத்துக்குள் எதிர்ப்புக் கிளம்பி, அவருக்குத் தகுதியில்லை என்று நிர்வாகம் முடிவு செய்தது. எனக்கு அந்த முடிவில் குறையில்லை. பொழுதுபோக்குக்குச் சுவர் கட்டுபவர் மழை வந்தால் உள்ளே போய்விடலாம். நாட்கூலிக்காரருக்கு மழை என்றால் அன்றைய அடுப்பு.

ரஷ்யாவின் ஜனாதிபதியாக இருந்த யெல்ற்சின் வேறு மாதிரி. 1955 இல் கட்டடப் பொறியியல் படித்து முடித்துவிட்டு, மேற்பார்வையாளராகப் போகாமல், ஏறத்தாழ ஒரு வருடம் கல் வைத்தல், பூச்சு, தச்சு, கிரேன் ஓட்டுதல் என்று தொழில்களையே ஒவ்வொன்றாகப் பழகினார். அவருடைய அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும், அந்த ஒரு வருடத்தை நம்முடைய இளம் உத்தியோகத்தர்களுக்கும் விதிக்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். இலண்டன் தச்சர் ராண்டல் கிரீமர் பாராளுமன்றத்துக்குப் போய் 1903 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றது, மெல்பேணில் 1856 இல் கல்தச்சர்கள் எட்டு மணித்தியால வேலையை வென்றது, மூன்று வருடம் கழித்து அவர்களில் ஒருவரான சார்ல்ஸ் டொன் சட்டசபைக்குப் போனது, எல்லாம் இன்னொரு நாளைக்கு. உறுப்பினருக்குச் சம்பளம் இல்லாத காலம் அது, பகலில் கல் வேலைக்கும் இரவில் சபைக்கும் போனார் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மதகையாவது சொல்லாமல் போகக்கூடாது. ஹியூம் குழாயை, அதாவது மதகுக்குப் போடும் கொங்கிறீட் குழாயை, குழி மண்ணில் நேரே இறக்கவிடாதீர்கள், கீழே படுக்கை போட்டு இறுக்கியிருக்கவேண்டும். இரு பக்கமும் மண்ணை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் இறுக்கவேண்டும். ஒரு பக்கம் முழுதாக நிரப்பிவிட்டு மறு பக்கம் போனால் குழாய் நகர்ந்து இணைப்பு விடும், முதல் மழையிலேயே மண் அதுக்குள்ளால் இழுபட்டு வீதி குழி விழும். தண்ணீர் வெளியே விழும் இடத்தில் கருங்கல் பதித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதை மதிப்பீட்டில் எழுதுவார்கள், தரையில் மறந்துவிடுவார்கள். குழாய் இறக்கும் நாள் எது என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.